ஒரு கென்ய ஷில்லிங்குக்கு எத்தனை உகாண்டா ஷில்லிங்? பழைய மாற்று விகிதத்தை நீங்களே கணக்கிடும் முறை

உலக வங்கியின் தரவுப் பக்கத்தில் டாலருக்கு எதிரான மாற்று விகிதத்தை எடுத்து, 1966ஆம் ஆண்டுக்கு நேரே பாருங்கள். கென்யாவுக்கு 7.14 என்று இருக்கும், உகாண்டாவுக்கு 0.0714 என்று இருக்கும். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் ஒரு கென்ய ஷில்லிங்குக்கு 0.01 உகாண்டா ஷில்லிங் வருகிறது. அதாவது நூறு கென்ய ஷில்லிங் கொடுத்தால்தான் ஒரு உகாண்டா ஷில்லிங் கிடைத்திருக்கும் என்று பொருள். ஆனால் அந்த வருடம் இரண்டும் சரிக்குச் சரி, ஒன்று கொடுத்தால் ஒன்று. தரவும் தப்பில்லை, வகுத்ததும் தப்பில்லை, விடை மட்டும் நூறு மடங்கு தப்பு.

இந்த இரண்டு நாணயங்களுக்கும் முதல்முறை ஒரு நீண்ட அட்டவணை போட உட்கார்ந்தபோது நானும் இதே இடத்தில்தான் நின்றேன். எக்செல் தாளில் எங்கேயோ சூத்திரம் பிசகிவிட்டது என்று நினைத்து ஒரு முழு நாள் சூத்திரத்தையே சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் புரிந்தது, இங்கே எண்ணைத் தேடுவதற்கு முன் அந்தப் பணத்தின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கையில் கிடைக்கும் எண் எதைச் சொல்கிறது என்றே தெரியாது. பொருளாதார வரலாறு படிக்கும் மாணவர்கள், பழைய சம்பளம், விலை, கடன் கணக்குகளை இன்றைய கணக்கோடு ஒப்பிட நினைப்பவர்கள், கிழக்கு ஆப்பிரிக்காவைப் பற்றி எழுதுபவர்கள் ஆகியோரை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கென்யாவையும் உகாண்டாவையும் எடுத்ததற்குக் காரணம், ஆப்பிரிக்க நாணயங்களில் வரக்கூடிய சிக்கல் ஏறக்குறைய எல்லாமே இந்த ஒரு ஜோடியில் இருக்கிறது.

முதலில் திசையை முடிவு செய்யுங்கள்

தாளின் தலைப்பிலேயே எழுதி வையுங்கள்: "ஒரு கென்ய ஷில்லிங்குக்கு எத்தனை உகாண்டா ஷில்லிங்". சின்ன விஷயம்தான், ஆனால் இதைச் செய்யாதவர்கள் பாதி வேலையில் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன். கென்ய மத்திய வங்கியின் தினசரிப் பட்டியலைப் பாருங்கள், டாலர், பவுண்டு, யூரோ எல்லாவற்றுக்கும் "ஒரு டாலருக்கு இத்தனை கென்ய ஷில்லிங்" என்ற முறையில் விலை இருக்கும். உகாண்டா, தான்சானியா, ருவாண்டா, புருண்டி நாணயங்களுக்கு வரும்போது மட்டும் முறை தலைகீழாக மாறி "ஒரு கென்ய ஷில்லிங்குக்கு இத்தனை உகாண்டா ஷில்லிங்" ஆகிவிடும். அந்த நாணயங்களின் ஒரு அலகு மதிப்பு மிகச் சிறியது என்பதால் அப்படி வைத்திருக்கிறார்கள். பட்டியலை மேலிருந்து கீழ்வரை அப்படியே நகலெடுத்து ஒரே சூத்திரம் போட்டால், இந்த நான்கு வரிகளும் தலைகீழாகிவிடும்.

நாம் வைத்துக்கொள்ளும் திசையில் எண் பெரிதானால் கென்ய ஷில்லிங் வலுக்கிறது, அல்லது உகாண்டா ஷில்லிங் வலுவிழக்கிறது. இதில் எது என்பதை அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதற்குப் பிறகு வருகிறேன்.

பணத்தின் கதை

இதை மட்டும் பொறுமையாகப் படியுங்கள், மற்ற படிகள் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

பிரிட்டிஷ் ஆட்சியின் தொடக்கத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவில் புழங்கியது ரூபாய். இந்திய ரூபாயும், பிறகு அதே மதிப்பில் கிழக்கு ஆப்பிரிக்க ரூபாயும். முதல் உலகப்போருக்குப் பிறகு வெள்ளி விலை ஏறி, பவுண்டுக்கு எதிராக ரூபாயின் மதிப்பும் ஏறியது. ரூபாயில் கடன் வாங்கி, விளைச்சலைப் பவுண்டில் விற்றுவந்த குடியேறிகளும் மற்றவர்களும் இழுபறி நடத்தியதில், 1920இல் ரூபாய்க்குப் பதிலாக ஃப்ளோரின் வந்தது. கொஞ்ச நாளிலேயே அதுவும் போய், ஒரு ஃப்ளோரினுக்கு இரண்டு என்ற கணக்கில் கிழக்கு ஆப்பிரிக்க ஷில்லிங் வந்தது. அதை வெளியிட்டது 1919இல் லண்டனில் அமைக்கப்பட்ட கிழக்கு ஆப்பிரிக்க நாணய வாரியம். பவுண்டுக்கு 20 ஷில்லிங் என்பது நிலையான விகிதம். ஆகவே 1966க்கு முன்னால் கென்யாவுக்கும் உகாண்டாவுக்கும் இடையே மாற்று விகிதம் தேடுவதில் அர்த்தமில்லை, இரண்டு நாட்டிலும் இருந்தது ஒரே பணம்.

1966இல் தான்சானியா, உகாண்டா, கென்யா மூன்றும் தனித்தனி மத்திய வங்கி வைத்துத் தங்கள் ஷில்லிங்கை வெளியிட்டன. மூன்றும் ஒன்றுக்கு ஒன்று, டாலருக்கு 7.14. இங்கே ஒரு எச்சரிக்கை. 1967 நவம்பரில் பிரிட்டன் பவுண்டின் மதிப்பை 2.80 டாலரிலிருந்து 2.40 டாலருக்கு இறக்கியது, கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் கூடவே இறங்கவில்லை. நீங்கள் டாலருக்குப் பதிலாகப் பவுண்டு வழியாகக் கணக்குப் போட்டால், பவுண்டுக்கு 20ஆக இருந்தது திடீரென்று 17.14 ஆகும். அது பவுண்டின் கதை, ஷில்லிங்கின் கதையில்லை.

1971இல் உகாண்டாவில் இடி அமீன் ஆட்சியைப் பிடித்தார், 1972இல் ஆசியர்களை வெளியேற்றினார், கடைகளும் ஆலைகளும் கைமாறி நொடிந்தன, பொருள்கள் கிடைக்காமல் போயின. ஆனால் அரசு அறிவித்த மாற்று விகிதத்தில் இதன் அடையாளமே கிடையாது! கென்யாவும் உகாண்டாவும் தங்கள் ஷில்லிங்கை எஸ்.டி.ஆர். என்ற பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகோடு கட்டி வைத்திருந்ததால், 1980இல்கூட டாலருக்கு இரண்டு நாட்டிலும் சராசரி 7.42தான். அதிகாரபூர்வக் கணக்கில் ஒன்றுக்கு ஒன்று. எல்லைக்கு அந்தப் பக்கம் சோப்பும் சர்க்கரையும் இல்லாத ஒரு நாட்டின் பணமும், இந்தப் பக்கம் அவை கடையில் கிடைக்கும் ஒரு நாட்டின் பணமும் காகிதத்தில் சமமாக நின்றன.

1981 ஜூனில், அமீனுக்குப் பிறகு வந்த ஒபோடே அரசு உகாண்டா ஷில்லிங்கை மிதக்கவிட்டது, அதாவது விலையைச் சந்தையே முடிவு செய்யட்டும் என்று விட்டது. சில நாட்களிலேயே டாலருக்கு எதிரான மதிப்பு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சரிந்தது. 1982 ஆகஸ்டில் இரண்டு சாளர முறை கொண்டுவந்தார்கள், முதல் சாளரத்தில் அத்தியாவசியத் தேவைகளுக்கு மலிவான டாலர், இரண்டாவது சாளரத்தில் மற்ற எல்லோருக்கும் ஏல விலையில் டாலர். 1984இல் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். 1986இல் முசேவெனி ஆட்சிக்கு வந்தபின் கொஞ்ச காலம் டாலருக்கு 1,400 என்று நிறுத்தி வைத்தார்கள்.

அடுத்தது 1987 மே மாதம். இந்த மாதத்தைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு வையுங்கள். நூறு பழைய ஷில்லிங்குக்கு ஒரு புதிய ஷில்லிங் என்று மாற்றினார்கள், நோட்டில் இரண்டு பூஜ்யம் போனது. அதோடு மக்கள் மாற்றிய பணத்தில் 30 சதவீதத்தை வரியாகப் பிடித்துக்கொண்டார்கள். புதிய விகிதம் டாலருக்கு 60 புதிய ஷில்லிங், பழைய கணக்கில் 6,000. 1988 ஜூலையில் 150, 1989 மார்ச்சில் 200. 1990இல் தனியார் நாணய மாற்றுக் கடைகளைச் சட்டபூர்வமாக்கினார்கள், 1993இல் வங்கிகளுக்கிடையிலான சந்தை வந்து, அதிகார விலை, வெளி விலை என்ற பிரிவு முடிவுக்கு வந்தது.

கென்யாவின் பங்குக்கு 1993. அதற்கு முன் 1991 இறுதியில் நன்கொடை நாடுகள் உதவியை நிறுத்தியிருந்தன, 1992 தேர்தலை ஒட்டிப் பணப்புழக்கம் பெருகியிருந்தது, இல்லாத தங்க ஏற்றுமதிக்கு அரசு ஊக்கத்தொகை கொடுத்த கோல்டன்பெர்க் ஊழலும் கூடச் சேர்ந்தது. 1992 இறுதியில் டாலருக்கு 36ஆக இருந்த கென்ய ஷில்லிங் 1993 இறுதியில் 68க்குப் போய், 1994 இறுதியில் 45க்குத் திரும்பியது.

இப்போது எண்களை எடுக்கலாம்

இரண்டு ஆப்பிரிக்க நாணயங்களுக்கு இடையில் நேரடிச் சந்தை என்பது பெரும்பாலும் மெல்லியது, பழைய காலத்துக்குப் போகப் போக இல்லவே இல்லை என்றுகூடச் சொல்லலாம். வங்கி என்ன செய்கிறதோ அதையே நாமும் செய்ய வேண்டும், இரண்டையும் டாலரோடு ஒப்பிட்டு ஒன்றை ஒன்றால் வகுக்க வேண்டும். இதற்குக் குறுக்கு விகிதம் என்று பெயர்.

ஆண்டு வாரியாகப் போதும் என்றால் உலக வங்கியின் வளர்ச்சிக் குறியீடுகளில் "அதிகாரபூர்வ மாற்று விகிதம், ஆண்டுச் சராசரி" என்ற தொடரை எடுங்கள், 1960 முதல் இருக்கிறது, இலவசம், எக்செல் கோப்பாகவே இறங்கும். மாத வாரியாக வேண்டும் என்றால் பன்னாட்டு நாணய நிதியத்தின் நிதிப் புள்ளிவிவரங்கள். நாள் வாரியாக வேண்டும் என்றால் அந்தந்த மத்திய வங்கியின் இணையதளம், ஆனால் பல பத்தாண்டுகள் பின்னால் போக முடியும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பொதுவான நாணய மாற்று இணையதளங்களை நான் முதல் ஆதாரமாக எடுக்க மாட்டேன். அவற்றில் சனி, ஞாயிறுக்கும் ஒரு எண் இருக்கும், அது வெள்ளிக்கிழமை எண்ணின் நகல். அந்த எண் எந்தச் சந்தையிலிருந்து வந்தது என்பதும் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்காது. சமீபத்திய ஒரு நாளின் விலையை மேலோட்டமாகப் பார்க்க மட்டும் அவை போதும்.

கணக்கு எளிது. 2010ஆம் ஆண்டுச் சராசரி உகாண்டாவுக்கு 2,177.6, கென்யாவுக்கு 79.2. உகாண்டா எண்ணைக் கென்யா எண்ணால் வகுத்தால் சுமார் 27.5. ஆக 2010இல் ஒரு கென்ய ஷில்லிங்குக்குச் சராசரியாக 27.5 உகாண்டா ஷில்லிங். இதே முறையில் போட்டால் 1990இல் சுமார் 18.7, 2000இல் 21.6, 2015இல் 33, 2020இல் ஏறக்குறைய 35, 2023இல் 26.6 என்று வரும். உங்கள் தாளில் இந்த எண்கள் வருகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள், வந்தால் சூத்திரம் சரி.

சராசரியா, ஆண்டு இறுதியா

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் இதைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரே ஆண்டுக்கு இரண்டு வகை எண் கிடைக்கும், ஆண்டு முழுவதற்குமான சராசரி, ஆண்டின் கடைசி நாள் விலை. அமைதியான வருடத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. 1993, 1994ஐ எடுத்துப் பாருங்கள்.

சராசரிக் கணக்கில் 1992இல் ஒரு கென்ய ஷில்லிங்குக்கு 35.2 உகாண்டா ஷில்லிங், 1993இல் 20.6, 1994இல் 17.5. மூன்று வருடமும் கென்ய ஷில்லிங் இறங்கிக்கொண்டே போகிறது. ஆண்டு இறுதிக் கணக்கில் 1992இல் சுமார் 33.6, 1993இல் 16.6, 1994இல் 20.7. இங்கே 1994இல் கென்ய ஷில்லிங் ஏறுகிறது! இரண்டு தொடரும் ஒரே ஆண்டைப் பற்றி எதிரெதிர்த் திசையில் பேசுகின்றன, இரண்டுமே சரி. 1993இல் சரிவு வருடத்தின் நடுவில் நடந்ததால் சராசரியில் பழைய நல்ல மாதங்களும் கலந்திருக்கின்றன, 1994இல் மீட்சி வருடத்தின் பிற்பகுதியில் வந்ததால் சராசரியில் அது முழுதாகத் தெரியவில்லை.

எதை எடுப்பது? ஒரு வருடம் முழுக்க நடந்த விஷயத்துக்கு, சம்பளம், ஏற்றுமதி வருமானம், பள்ளிக் கட்டணம் மாதிரியானவற்றுக்குச் சராசரியை எடுங்கள். ஒரு நாளில் நிற்கும் விஷயத்துக்கு, கடன் பாக்கி, வங்கி இருப்பு, சொத்து மதிப்பு மாதிரியானவற்றுக்குக் கடைசி நாள் விலையை எடுங்கள். இரண்டையும் ஒரே தொடரில் கலக்கவே கூடாது.

இன்னொரு நுணுக்கம். ஒரு மாதம் 20, அடுத்த மாதம் 40 என்று இருந்தால் சராசரி 30. அதையே திருப்பிப் போட்டு, ஒரு உகாண்டா ஷில்லிங்குக்கு 0.05, 0.025 என்று எடுத்துச் சராசரி பார்த்தால் 0.0375, அதை மறுபடி திருப்பினால் 26.7. திசையை மாற்றியதும் சராசரி மாறிவிடுகிறது. விலை நிலையாக இருக்கும் வருடங்களில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது, தாறுமாறாக ஆடிய வருடங்களில் மட்டும் மாத எண்களை எடுத்து மாதா மாதம் வகுத்துப் பிறகு சராசரி பாருங்கள். ஆரம்பத்திலேயே திசையை எழுதி வைக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பூஜ்யம் போன இடத்தைச் சரிசெய்வது

இப்போது முதலில் பார்த்த 0.01க்கு வருவோம். உகாண்டா 1987இல் இரண்டு பூஜ்யத்தை நீக்கியதும், தரவு வைத்திருப்பவர்கள் தொடர் நடுவில் உடையாமல் இருக்கப் பழைய வருடங்கள் எல்லாவற்றையும் நூறால் வகுத்துப் புதிய ஷில்லிங்கில் எழுதிவிட்டார்கள். 7.14 என்பது 0.0714 ஆனது அப்படித்தான். நீண்ட வரைபடம் போட இது வசதி. ஆனால் 1975இல் கம்பாலாவில் ஒருவர் சட்டைப்பையில் வைத்திருந்த நோட்டு பழைய ஷில்லிங், அதில் பூஜ்யம் இருந்தது.

ஆகவே தாளில் இரண்டு பத்திகள் (நெடுவரிசைகள்) வையுங்கள். முதலாவதில் இன்றைய ஷில்லிங்கில், அதாவது தரவில் கிடைத்தபடி. இரண்டாவதில் 1987 மே வரைக்குமான எண்களை நூறால் பெருக்கி, அன்றைய நோட்டின் கணக்கில். 1986க்குத் தரவில் 14 என்று இருக்கும், கென்யாவின் 16.23ஆல் வகுத்தால் 0.86 வரும். அன்றைய நோட்டில் அது 86. பழைய செய்தித்தாளிலோ கடிதத்திலோ ஒரு தொகையைப் பார்த்து மாற்றுகிறீர்கள் என்றால் இரண்டாவது பத்திதான் உங்களுக்கு. நாணயக் குறியீட்டைப் பார்த்தும் கண்டுபிடிக்கலாம், யூ.ஜி.எக்ஸ். என்று இருந்தால் புதிய ஷில்லிங், யூ.ஜி.எஸ். என்று இருந்தால் பழையது. ஆனால் யூ.ஜி.எக்ஸ். என்று தலைப்பிட்டுவிட்டு உள்ளே பழைய எண்களைத் திருத்தாமல் வைத்திருக்கும் அட்டவணைகளும் உண்டு. 1980ஆம் ஆண்டுக்கு நேரே 7.42 இருக்கிறதா, 0.0742 இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்தால் தெரிந்துவிடும்.

1987ஆம் ஆண்டுக்குள்ளேயே கணக்கு இரண்டாகப் பிளவதால் அந்த வருடத்துக்கு மட்டும் மாத எண்களை வைத்துக்கொள்வது நல்லது. அந்த 30 சதவீத வரியை மாற்று விகிதத்துக்குள் நுழைக்காதீர்கள். விகிதம் நூறுக்கு ஒன்றுதான். ஆனால் ஒரு குடும்பத்தின் சேமிப்பு என்ன ஆனது என்று எழுதுகிறீர்கள் என்றால், பத்தாயிரம் பழைய ஷில்லிங் கொண்டுபோனவர் கையில் நூறு வரவில்லை, எழுபதுதான் வந்தது என்பதை எழுதியே ஆக வேண்டும். மாற்று விகித அட்டவணை எதிலும் அது இருக்காது.

மக்கள் கொடுத்த விலை

எனக்கு இந்த வேலையில் மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். 1970களின் நடுவிலிருந்து 1980களின் இறுதிவரை உகாண்டாவின் அதிகாரபூர்வ விகிதத்தை மட்டும் வைத்து யாராவது சாதாரண மக்களின் வாழ்க்கையைப் பற்றி எழுதினால், அது அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன். அந்த விலைக்கு அவர்களுக்கு யாரும் டாலரோ கென்ய ஷில்லிங்கோ கொடுக்கவில்லை.

அமீன் காலத்தில் கடத்தலும் கறுப்புச் சந்தையும் சேர்ந்த அந்தப் பொருளாதாரத்துக்கு மக்களே வைத்த பெயர் மகெண்டோ. 1975 ஜூலையில் பிரேசிலில் உறைபனி விழுந்து காப்பித் தோட்டங்கள் கருகின, உலகச் சந்தையில் காப்பி விலை எகிறியது. உகாண்டா விவசாயிக்கு அரசு வாரியம் கொடுத்த விலையோ உள்ளூர் ஷில்லிங்கில், சொற்பம். எல்கன் மலை அடிவாரத்தில் எல்லையைத் தாண்டி கென்யாவின் செப்குபே சந்தைக்குக் காப்பி மூட்டைகள் போயின, கழுதை மேலும் ஆள் தலையிலும். ஏன் போயின என்பதற்கு விடை மாற்று விகிதத்தில்தான் இருக்கிறது. காகிதத்தில் ஒன்றுக்கு ஒன்று என்றாலும், ஒரு கென்ய ஷில்லிங் வைத்திருப்பவர் அதற்குப் பல உகாண்டா ஷில்லிங் வாங்க முடிந்தது.

1980களில் டாலரின் வெளி விலையைக் கம்பாலாவில் கிபண்டா விலை என்பார்கள். அந்தக் காலத்தைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளிலும், உலக வங்கி, பன்னாட்டு நாணய நிதியத்தின் உகாண்டா அறிக்கைகளிலும் அதிகார விலைக்குப் பக்கத்திலேயே இந்த விலையும் கொடுக்கப்பட்டிருக்கும், அங்கே தேடுங்கள். கிடைத்தால் உங்கள் தாளில் மூன்றாவது பத்தியாகப் போடுங்கள். கிடைக்காத மாதத்தைக் காலியாகவே விடுங்கள், முன்னும் பின்னும் உள்ள எண்களை வைத்து ஊகித்து நிரப்ப வேண்டாம், அந்தச் சந்தையில் ஒரு அரசியல் செய்தி வந்தால் விலை ஒரே வாரத்தில் தலைகீழாகிவிடும். இரண்டு சாளர காலத்துக்கு எந்தச் சாளரத்தின் விலை என்பதையும் குறித்து வையுங்கள்.

1990க்குப் பிறகு நிலைமை வேறு. நாணய மாற்றுக் கடைகள் சட்டபூர்வமானதும் இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தது, 1994 முதல் ஒரே பத்தி போதும்.

வாங்கும் விலை, விற்கும் விலை

தரவில் கிடைப்பது பெரும்பாலும் நடு விலை, அதாவது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் சரியாக நடுவில் உள்ள எண். அந்த விலைக்கு யாருக்கும் பணம் கிடைப்பதில்லை. ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம், எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. நைரோபியில் வங்கி டாலரை 128க்கு வாங்கி 131க்கு விற்கிறது, கம்பாலாவில் 3,640க்கு வாங்கி 3,680க்கு விற்கிறது. நடு விலையில் கணக்குப் போட்டால் 1,000 கென்ய ஷில்லிங்குக்கு 28,263 உகாண்டா ஷில்லிங் வர வேண்டும். நிஜத்தில் நீங்கள் நைரோபியில் 131 கொடுத்து டாலர் வாங்கி, கம்பாலாவில் 3,640க்கு விற்கிறீர்கள், கையில் வருவது 27,786. இரண்டு முறை மாற்றியதில் 477 ஷில்லிங் போய்விட்டது, கட்டணம் தனி. புசியா, மலாபா எல்லையில் நோட்டுக் கட்டோடு நிற்பவர்களிடம் நேரடியாக மாற்றினால் டாலர் நடுவில் வராது, ஆனால் அவர்கள் வைக்கும் இடைவெளி அன்றைய கிராக்கியைப் பொறுத்தது. நடுவில் டாலர் இல்லாமல் ஆப்பிரிக்க நாணயங்களுக்குள்ளேயே பணம் அனுப்ப, 2022 ஜனவரியில் அக்ராவில் தொடங்கப்பட்ட அகில ஆப்பிரிக்கப் பணப்பரிமாற்ற முறை முயல்கிறது. வரலாற்றுத் தொடர் போடும்போது நடு விலையே போதும், ஒரு வியாபாரியின் லாபக் கணக்கை எழுதும்போது மட்டும் இந்த இடைவெளியைச் சேருங்கள்.

வரைபடத்தைப் படிப்பது

எண்கள் தயாரானதும் எல்லோரும் ஒரு கோடு வரைவார்கள். நான் மூன்று கோடு வரையச் சொல்வேன்: உகாண்டா ஷில்லிங் டாலருக்கு எதிராக, கென்ய ஷில்லிங் டாலருக்கு எதிராக, பிறகு இரண்டுக்கும் இடையிலான குறுக்கு விகிதம். மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே கால அளவில்.

ஏன் என்பதற்கு 2024 நல்ல உதாரணம். ஜனவரியில் ஒரு கென்ய ஷில்லிங்குக்கு 24க்கும் குறைவாக உகாண்டா ஷில்லிங் கிடைத்தது. ஏப்ரலுக்குள் அது 29ஐத் தொட்டது. குறுக்கு விகிதத்தை மட்டும் பார்ப்பவர் உகாண்டா ஷில்லிங் விழுந்துவிட்டது என்று எழுதிவிடுவார். டாலர் கோட்டைப் பாருங்கள், உகாண்டா ஷில்லிங் 3,800ஐ ஒட்டியே கொஞ்சம் மேலும் கீழும் ஆடியிருக்கும். ஆடியது கென்யா. ஜூனில் முதிர வேண்டிய 200 கோடி டாலர் வெளிநாட்டுக் கடன் பத்திரத்தைக் கென்யா கட்டுமா கட்டாதா என்ற பயத்தில் ஷில்லிங் டாலருக்கு 160ஐத் தாண்டிப் போயிருந்தது, பிப்ரவரியில் 150 கோடி டாலருக்குப் புதிய பத்திரம் விற்று, பழையதில் பெரும்பகுதியைத் திரும்ப வாங்கியதும் பயம் தணிந்து 130 பக்கம் வந்தது. 1993லும் இதே கதைதான், ஆடியது பெரும்பாலும் கென்யா, ஆனால் அந்த முறை கீழே.

1966 முதல் இன்றுவரை ஒரே படத்தில் போடுவதாக இருந்தால் மடக்கை அளவில், அதாவது ஒவ்வொரு பத்து மடங்குக்கும் சமமான இடம் கொடுக்கும் அளவில் போடுங்கள். சாதாரண அளவில் போட்டால் 1987க்கு முந்தைய இருபது வருடமும் தரையோடு ஒட்டிய ஒரு கோடாகத் தெரியும், அந்தக் காலத்தின் மிகப் பெரிய சரிவான 1981 படத்திலேயே இருக்காது.

மாற்று விகிதம் மட்டும் வாழ்க்கைச் செலவைச் சொல்லாது என்பதையும் மறக்க வேண்டாம். இரண்டு நாட்டிலும் விலைவாசி வேறு வேறு வேகத்தில் ஏறியிருக்கும், அதை ஒப்பிட நுகர்வோர் விலைக் குறியீட்டையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அது தனி வேலை.

வேறு ஜோடிகளுக்கு இதே முறை

முறை ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு நாணயத்துக்கும் முதலில் இரண்டு கேள்வி கேளுங்கள்: எப்போதாவது பூஜ்யம் போயிருக்கிறதா, எதனோடாவது கட்டப்பட்டிருக்கிறதா.

கானா 2007 ஜூலையில் நான்கு பூஜ்யம் நீக்கியது. மொசாம்பிக் 2006இலும் சாம்பியா 2013 ஜனவரியிலும் மூன்று மூன்று. தென்னாப்பிரிக்க ராண்டுக்கும் லெசோதோ லோட்டி, எஸ்வாத்தினி லிலாங்கேனி, நமீபிய டாலர் ஆகியவற்றுக்கும் இடையே எப்போதும் ஒன்றுக்கு ஒன்று, அங்கே வரைபடம் வரைய ஒன்றுமில்லை. மேற்கு ஆப்பிரிக்காவிலும் மத்திய ஆப்பிரிக்காவிலும் உள்ள இரண்டு சி.எஃப்.ஏ. ஃபிராங்குகளும் யூரோவுக்கு 655.957 என்று கட்டப்பட்டவை, மதிப்பில் சமம், ஆனால் ஒரு பகுதியின் நோட்டை மறு பகுதியில் கடையில் வாங்க மாட்டார்கள். அவற்றின் தொடரில் 1994 ஜனவரி 12 அன்று ஒரு செங்குத்துப் படி இருக்கும், பிரெஞ்சு ஃபிராங்குக்கு 50 என்பது 100 ஆன நாள். நைஜீரிய நைராவுக்கு 2023 ஜூன்வரை அதிகார விலையும் தெரு விலையும் வெகு தூரத்தில் இருந்தன, உகாண்டாவுக்குச் செய்தது போலவே இரண்டு பத்தி வையுங்கள்.

ஜிம்பாப்வே மட்டும் முதல் முயற்சிக்கு வேண்டாம். 2006இல் மூன்று, 2008இல் பத்து, 2009இல் பன்னிரண்டு என்று இருபத்தைந்து பூஜ்யம் போன நாணயம் அது. அதற்கு ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித் தாள் போட்டு, நாள் வாரியாகத்தான் வேலை செய்ய வேண்டும், ஆண்டுச் சராசரி அங்கே எதற்கும் உதவாது.